மூன்றாம் கியரில் ஓர் உதறல்

வண்டி உதறுவது உண்மை. அந்த வீட்டில் அதைப்பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஸ்மைலின் ஓட்டினால் உதறும், அவள் கணவன் ஷாஜன் ஓட்டினால் உதறாது. இதற்கு மேல் இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டான் ஷாஜன். அவனுக்கு வேண்டாம்தான். ஸ்மைலினுக்கு வேண்டியிருந்தது.

ஷாஜனுக்குக் குவைத்தில் வேலை. நாற்பது நாள் லீவில் வந்தவன் இன்னும் ஆறு நாளில் திரும்பிப் போகிறான். போவதற்குள் அந்தப் பெரிய பெட்ரோல் வண்டியைத் தம்பி அபின் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. ஸ்மைலினுக்கு ஓட்ட வராது என்று முடிவு செய்தவர்கள் அண்ணனும் தம்பியும். எல்லாரும் சேர்ந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போன அன்று, வழியில் ஓர் ஏற்றத்தில் வண்டி ஸ்மைலின் கையில் நாலு உதறு உதறி நின்றுவிட்டது. பின்னால் டூரிஸ்ட் வேன்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. "மைனி, கிளச்ச பைய விடணும் கேட்டியளா, இது பசுமாட்டுக்க கயிறு இல்ல" என்று அண்ணிக்குப் பாடம் சொன்னான் அபின். வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். லைசென்ஸ் வாங்கிய எட்டு மாதத்தில் அவளுக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

ஸ்மைலின் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வாங்குகிற நிலையத்தில் சோதனை பார்க்கிறவள். பால் கொண்டுவருகிற ஒவ்வொருவரும் தன் பால்தான் கெட்டி என்று அடித்துச் சொல்வார்கள். அவள் எதிர்வாதம் பண்ண மாட்டாள். கொஞ்சம் எடுத்து, உறைய வைத்து, உலர்த்தி, எடை போட்டுச் சொல்வாள். பதினோரு வருஷமாக ஒருவர் வாயையும் நம்பாமல் பிழைத்தவள், தன்னுடைய இடது காலைப்பற்றி மட்டும் ஊரார் சொன்னதை எட்டு மாதம் நம்பிவிட்டாள். நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வண்டியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அது போய்விட்டால் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவளுக்கு வண்டி ஓட்டப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டாள்.

அரண்மனைக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து பழைய டைரி ஒன்றில் எழுத ஆரம்பித்தாள். மழை, சர்ச் ஏற்றம், மூணாம் கியர், நாலு பேர்: உதறல் உண்டு. வெயில், சமமான தட்டு ரோடு, தனியாக: இல்லை. ஒன்பது தடவை எழுதிய பிறகு ஒன்று கண்ணில் பட்டது. உதறுகிற நேரத்தில் அவள் கால் கிளச்சின் மேலேயே இல்லை! கியர் மாற்றி, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை அழுத்தி ஏற்றத்தில் பாதி ஏறிய பிறகுதான் உதறுகிறது. தொடாத கிளச்சைத் தப்பாக விடுவது எப்படி?

அப்படியானால் ஷாஜனுக்கு ஏன் உதறுவதில்லை? அடுத்த முறை அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே அவன் இரண்டாம் கியருக்கு இறங்கி, எஞ்சின் அலற அலற ஏறினான்.

"ஒரே ஒரு தடவ மூணாம் கியர்ல ஏறிப் பாருங்களேன்" என்று கேட்டாள்.

"என்னத்துக்கு? வண்டி கேக்குத கியர குடுக்கணும். அது தெரியாதவங்களுக்காக்கும் உதறுது."

அவன் ஏறிப் பார்க்கவில்லை. அவள் தக்கலையில் ரசலையனுடைய வொர்க்ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனாள். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று ஷாஜனும் கூடவே வந்தான்.

ரசலையன் டைரியை வாங்கி முழுக்கப் படித்தார். "ஏத்தம், பாரம், மழ. இவ்வளவு தெளிவா இஞ்ச யாரும் வந்து சொன்னதில்ல மக்கா. பிளக்க கழற்றிப் பாப்போம்" என்றார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மேல்மூடியைத் திறந்தார். நீளமான பாக்ஸ் ஸ்பேனரை விட்டு நாலு ஸ்பார்க் பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, இருந்த வரிசைப்படியே பேப்பரில் வைத்தார். ஸ்மைலின் குனிந்துகொண்டாள். பக்கத்தில் ஒரு புதுப் பிளக்கை வைத்துக் காட்டினார் ரசலையன். புதியதில் முனைக்கும் அதன் மேல் வளைந்த கம்பிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. பழையவற்றில் முனை தேய்ந்து, இடைவெளி அகன்று போயிருந்தது.

"தீப்பொறி தாண்டுத எடம். தேஞ்சு போச்சு, நாலயும் மாத்தணும்."

"நாலும் தேஞ்சிருக்கு, செரி. ரெண்டாவது மட்டும் வேற மாதிரி இருக்கே அண்ணா?"

அவள் அதை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. சேலைத் தலைப்பால் துடைத்தாள், போகவில்லை. நகத்தை ஓட்டிப் பார்த்தாள், தட்டியது.

ரசலையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "விரிசலாக்கும். பாரத்தோட ஏத்தம் ஏறும்போ தீப்பொறிக்கு அந்த எடைவெளிய தாண்ட பாடு கூடுதல். அது சுளுவான வழி பாத்து விரிசல் வழியா வெளிய போயிரும். மழ ஈரம் இருந்தா இன்னும் சுளுவு. அப்பம் உதறும். ரெண்டாம் கியர்ல போனா எஞ்சினுக்கு பாரம் கொறவு, தெரியாது."

ஸ்மைலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷாஜன் விடவில்லை.

"மூணாம் கியர்ல போட்டு வலிச்சு வலிச்சு ஏத்துனா பிளக்கு பொட்டாம என்ன செய்யும்?"

பிளக் உடைந்ததே அவளால்தான் என்கிறான்! ஸ்மைலினுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட முதலில் வந்தது சந்தேகம். ஒருவேளை அப்படியும் இருக்குமோ? "அப்பிடி பொட்டுமா அண்ணா?" என்று கேட்டாள்.

"பொட்டும். ஆனா அது அடியில, நெருப்பு படுத எடத்துல. இது மேல்பக்கமில்லா. இஞ்ச பாரு, இரும்புக்க ஒரு மூலையும் மழுங்கியிருக்கு. மாட்டும்போ ஸ்பேனர சரிச்சுப் பிடிச்சு முறுக்கியிருக்கான். அண்ணைக்கே விரிசல் விழுந்தாச்சு. முனை புதுசா இருந்தவர ஒண்ணும் தெரியல்ல. தேய்ஞ்ச பெறவு தெரியுது. எந்த மடையன் மாட்டுனானோ!"

ஷாஜன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

மாட்டியது ஷாஜன்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய லீவில், குவைத்தில் இதெல்லாம் நாங்களே செய்வோம் என்று சொல்லி, புது ஸ்பேனர் செட் வாங்கி, அரைநாள் மெனக்கெட்டு மாட்டினான். டார்ச் பிடித்தது ஸ்மைலின். வீடியோ குடும்ப குரூப்பில் போய் ஏகப்பட்ட கைத்தட்டல் வாங்கியது. அன்று அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். இரக்கத்தால் அல்ல. அவனாகச் சொல்கிறானா என்று பார்க்க ஆசையாக இருந்தது. புதுப் பிளக்குகளை ரசலையன் ஒவ்வொன்றாகக் கையாலேயே திருகி இறக்கினார். இரண்டாவதை அவளே கேட்டு வாங்கி, ஸ்பேனரை நேராகப் பிடித்து, அவர் போதும் என்கிறவரை முறுக்கினாள். அதுவரையிலும் ஷாஜன் சொல்லவில்லை.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். சர்ச் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே அழுத்தினாள். வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. மேலே தட்டு ரோடு வந்ததும் அபின் போனில் கூப்பிட்டான். வண்டியை எடுக்க எப்போது வரட்டும் என்று ஸ்பீக்கரில் கேட்டான்.

ஷாஜன் அவளைப் பார்த்தான். "வர வேண்டாம்லே. வண்டி இஞ்சயே நிக்கட்டும். பிளக்கு போயிருந்துது, மாத்தியாச்சு. இனி ஸ்மைலி ஓட்டுவா."

அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆனாலும் இண்டிகேட்டர் போட்டு, வாழைக்குலைக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"மிச்சத்தையும் சொல்லுங்க."

"என்ன மிச்சம்?"

"பிளக்கு தானா பொட்டல்லியே."

போனில் அபின், என்ன அண்ணா, என்ன அண்ணா என்றான். ஷாஜன் கடையைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான். கட் பண்ணிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"லே அபினே, அந்தப் பிளக்க பொட்டிச்சது நானாக்கும். மாட்டத் தெரியாம மாட்டி பொட்டிச்சேன். இவளுக்க கால்ல ஒரு குத்தமும் கெடையாது. அண்ணைக்கு வண்டியில இருந்த எல்லாருட்டயும் சொல்லிரு."

சொல்லிவிட்டுப் போனைக் கட் பண்ணினான். ஸ்மைலின் தன் கோபம் போய்விட்டதா என்று பார்த்தாள். பாதி போயிருந்தது. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் கியரைப் போட்டாள்.