சுசீலாவின் கேரியர்

நிஜாம் சமஸ்தானத்து லாலாகுடா ரயில்வே காலனித் தமிழர்களின் கையெழுத்துப் பத்திரிகை ஒரே பிரதிதான். வீடு வீடாகச் சுற்றும். தமிழில் எழுதியதை நிஜாம் போலீஸ் படிக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். பாமாவும் நம்பினாள்.

அதில் இராமச்சந்திரன் படக்கதை வரைந்தான். மின்னல் மறவன் பறப்பான். நிருபர் சுசீலா மாடியிலிருந்து விழுவாள். அவன் பிடிப்பான்.

"உன் சுசீலா எப்பத்தான்டா செய்தி எழுதுவா? விழறதுக்கா சம்பளம்?" என்று பாமா கேட்டாள்.

"எப்படி எழுதுவா, நீயே சொல்லு."

சொன்னாள். ஒருவர் சொன்னதைச் சுசீலா இன்னொருவரிடம் தனியாகக் கேட்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவாள். தாளை டிபன் கேரியரின் அடித்தட்டில், சோற்றுக்குள் புதைத்து ரயில் கார்டிடம் கொடுப்பாள். அவர் சமஸ்தான எல்லை தாண்டிச் சேர்ப்பார்.

அது பாமா செய்துவந்த வேலை. நிஜாமின் ஆட்கள் எரித்த கிராமங்களைப் பற்றிச் சென்னைப் பத்திரிகைக்குப் புனைபெயரில் எழுதியவள் அவள்தான். இராமச்சந்திரனுக்குத் தெரியாது. கற்பனை என்று நினைத்து வரைந்தான். கார்டுக்கு, தனக்குத் தெரிந்த ஒரே கார்டான ஆரோக்கியசாமியின் முகத்தையே வைத்தான். பாமாவின் தாள்களைக் கொண்டுபோனவரும் அவர்தான்.

1948, மாசி மாதம். மாலை. கேரியரோடு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பாமா இராமச்சந்திரனைப் பார்த்தாள்.

"சீதாராமன் சார் வீட்ல போலீஸ் அமீன் சாப் நம்ம படக்கதை பாக்கறார்! படத்துக்குப் பாஷை எதுக்கு?" என்று சிரித்தான்.

திரும்பி வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் படத்தில் ஆரோக்கியசாமியின் முகம் இருந்தது.

சீதாராமன் போலீஸ் கச்சேரியில் குமாஸ்தா. பாமா போனபோது அவர் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றான். உள்ளே அமீனின் விரல் ஒரு படத்தின் மேல் இருந்தது. சீதாராமன் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளைப் பார்த்திருக்கேனே," என்றார் அமீன், உருதுவில்.

பாமா படத்திலிருந்த சுசீலாவைக் காட்டி, உருதுவிலேயே முந்திக்கொண்டாள். "இவளோட புருஷன், சாப். சாப்பாடு கொண்டு போறா."

"சோத்துக்குள்ள காகிதம் எதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் சண்டை. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கா. நேர்ல கேக்க வெக்கம்."

"நனையாதா?"

"ஹவ், ஆமா சாப். நனையும். அறிவு கெட்டவ."

அமீன் சிரித்தார். "இதுல பறக்கிறவன் எங்கே?"

"அடுத்த மாசம் வருவான். இவ மாடியிலேருந்து விழுவா."

அமீன் பத்திரிகையை மூடினார். பார்வை அவள் கையிலிருந்த கேரியருக்கு இறங்கியது.

"அது யாருக்கு?"

"எனக்குத்தான். ஸ்டேஷனுக்குப் போறேன், அக்கா வண்டியில வரா. லேட்டாகும்."

"போ. ஆறிடும்."

பிளாட்பாரத்தில் ஆரோக்கியசாமி வழக்கம்போல் கையை நீட்டினார். பாமா அவரைப் பார்க்கவில்லை. டீக்கடை ஓரம் அதே கான்ஸ்டபிள் நின்றான்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். அடித்தட்டைத் திறந்தாள். சோற்றோடு தாளையும் பிசைந்தாள். மை கசந்தது. மென்றாள். இரண்டு பேரிடம் கேட்டு எழுதிய ஊர்ப் பெயர்கள் மனப்பாடம்தான். மறுபடி எழுதலாம், வீடு போய்ச் சேர்ந்தால்.

ஆரோக்கியசாமி கையை இழுத்துக்கொண்டு பச்சைக் கொடியைத் தூக்கினார். வண்டி நகர்ந்தது.

கான்ஸ்டபிள் போகவில்லை. தாளின் கடைசித் துண்டு உள்ளே இறங்கவில்லை. மேலும் ஒரு கை சோறு எடுத்தாள்.