மூன்று மடங்கு எடை

அம்மா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா வாசலைப் பார்த்த நாற்காலியில், வண்டி வருகிறதா என்று ஒரு காதைத் தெருவில் வைத்தபடி. பக்கத்து வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் சுவரோரப் பெஞ்சில். மகள் மட்டும் உட்காரவில்லை. அப்பாவின் மேசையருகே நின்று, பாதியில் விட்டுப்போன ஓர் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் அப்பா, விடிகாலையிலிருந்து யார் பேச்சுக்கும் பதில் சொல்லாமல்.

அப்பாவுக்குத் தொழில் பல்செட் செய்வது. பைத்தியம், வேற்றுக்கிரக மிருகங்கள். அறிவியல் கதை இதழொன்றின் வாசகர் பக்கத்தில் பழக்கமான வானாய்வு நிலையக்காரர் ஒருவர், எங்கோ தூரத்திலிருந்து ஒரு கிரகத்தைக் கணக்குப்போட்டு அனுப்புவார்: காற்று இவ்வளவு, வெயில் இவ்வளவு, எடை இவ்வளவு. அங்கே பிழைக்கக்கூடிய ஒரு மிருகத்தை அப்பா வரைந்தனுப்ப வேண்டும். மந்திரம் மாயம் கூடாது; கணக்கு இடிக்கக் கூடாது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. எந்தக் கிரகமானாலும் மிருகத்தின் பல்வரிசை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

கடைசியாக வந்த கிரகத்தில் எல்லாமே மூன்று மடங்கு எடை. 'இங்கே எதுவும் எழுந்து நிற்காது. முடிந்தால் நிறுத்திக் காட்டுங்கள்' என்று சீண்டியிருந்தார் அவர். அப்பா உடம்பை வரைந்தார், முகத்தை வரைந்தார், பல்லை வரைந்தார். கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் அழித்து அழித்துத் தாளே மெலிந்துபோயிருந்தது.

"அதை அண்ணன் கையிலயே வச்சிடும்மா," என்றார் சித்தப்பா. "ஆசையா வரைஞ்சது. கூடவே போகட்டும்."

"கால் இல்லாம எப்படிப் போகும் சித்தப்பா?"

தையல்காரர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று இருமினார்.

"தோத்துட்டேன்னு எழுதிப் போடுங்கன்னேன், கேக்கல," என்றாள் அம்மா. "'நிக்கும் பாரு'ன்னார். தூக்கத்துலயும் அதே பேச்சு."

மகள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். படுத்தவர்களை எழுப்பி நடக்கவைப்பது அவள் வேலை. போன வாரம் இதே கட்டிலில் அப்பாவிடமும் அதைத்தான் சொன்னாள். "காலைப் பின்னால இழுத்துக்கோங்கப்பா. மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும். இப்ப எழுந்திருங்க." நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தாளு கிரகத்துக்கே வந்துட்டேன் போலிருக்கே," என்றார்.

இப்போது பார்த்தால், மிருகத்தின் மூக்கை அப்பா முன்னால் சாய்த்துத்தான் வரைந்திருந்தார்.

அவள் உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். குட்டையான, தடித்த கால்களை வயிற்றுக்கடியில் பின்னிழுத்து வைத்தாள். மூக்கு விரல்நுனிக்கு நேரே வந்தது. பின்னால், தரையில் அகல ஊன்றிய ஒரு கவட்டை வால். கோடுகள் அப்பாவுடையவைபோல வழவழப்பாக இல்லை. ஆனால் மிருகம் எழுந்துகொண்டிருந்தது.

அம்மா எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"விழுந்துடாதே?"

"விழாதும்மா. வால் தாங்கும்."

அப்பா இறந்துபோனதையும், கால்களும் வாலும் தன்னுடையவை என்பதையும் தனித்தாளில் எழுதினாள். 'கணக்கு இடித்தால் சொல்லுங்கள். அடுத்த கிரகத்தை இதே முகவரிக்கு அனுப்புங்கள்.'

"கொஞ்சம் எடை கம்மியானதாப் பாத்து அனுப்பச் சொல்லு," என்றாள் அம்மா.

அதையும் எழுதினாள். அம்மா உறையில் கோந்து தடவி, உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்தினாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

தெருமுனைத் தபால்பெட்டியருகே நிறுத்தச் சொன்னவர் சித்தப்பாதான். மகள் இறங்கிப் போனாள். உறை உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை, ஓட்டுநர் இன்ஜினை அணைத்து வைத்திருந்தார்.