பத்தரைக்கு ராகு காலம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ராஜகீழ்ப்பாக்கத்தில் தசரதன் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: புது வேட்டியில் தசரதன், அவர் மனைவி தாயாரம்மாள், அன்றைய மாப்பிள்ளையான இளைய மகன் தீனா, இரும்புலியூரிலிருந்து முதல் ஆளாக ஆட்டோவில் வந்து இறங்கியிருந்த தசரதனின் தங்கை சுபத்ரா, புரோகிதர் ஒருவர், சமையல்காரர்கள் இரண்டு பேர், சொந்தக்காரர்கள் பதினெட்டு பேர், சுவரில், மாலையோடு, மூத்த மகன் சூர்யா.

சூர்யாவின் மனைவி கோகிலவாணி இந்தப் பட்டியலில் இல்லை. அவள் மாடி அறையில் இருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவளை உள்ளே வைத்துப் பூட்டப்போகிறார்கள்.

யோசனை சுபத்ராவுடையது. பெண் வீட்டார் ஒன்பதரைக்கு வருகிறார்கள். அனகாபுத்தூரில் அவர்கள் வீட்டுச் சந்தில் நான்கு பேர் சேர்ந்து நிற்க முடியாது என்பதால் நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள்.

"வர்றவங்க வாசப்படி ஏறும்போது மொத மொதல்ல இவ மூஞ்சியிலயாண்ணா முழிக்கணும்?" என்று சுபத்ரா கேட்டாள்.

தசரதன் மின்விசிறியைப் பார்த்தார். தாயாரம்மாள் போட்டோவில் சரியாகவே இருந்த மாலையைச் சரிசெய்தாள். "இதெல்லாம் இப்ப யாரு அத்தை பாக்குறாங்க" என்று தீனா சொல்லிவிட்டு போனைப் பார்த்தான். அவனுடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

சுபத்ரா மாடி ஏறினாள். அழுகைக்கும் சண்டைக்கும் சேர்த்துத் தயாராகப் போயிருந்தாள். கீழே ஒரே கூட்டம், கசகசப்பு, உனக்கெதற்கு அந்தச் சிரமம், பத்தரை வரை மேலேயே இரு, அதுவரை யார் கண்ணிலும் படாதே என்று சர்க்கரை தடவிச் சொன்னாள். கோகிலவாணி கேட்டது ஒன்றுதான்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கலாமா அத்தை?"

கேட்டபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. சுபத்ராவுக்கு அது பிடிக்கவில்லை. இப்படி ஒரு வேலையைச் செய்யும்போது எதிராளி கொஞ்சமாவது வாட வேண்டாமா? சந்தேகம் வந்துவிட்டது. மோட்டார் அறைப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து வெளியிலும் ஒரு பூட்டுப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளே கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

காரணம் இதுதான். அவள் கோள் விஞ்ஞானி. நிலாவின் தென்பகுதியில் இருக்கும் குழிகளை எண்ணி, எந்தத் தரை எத்தனை கோடி ஆண்டு பழையது என்று கணக்கிட்டு முனைவர் பட்டம் வாங்கியவள். கல்யாணமான மூன்றாம் வருடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி சூர்யாவை இடித்துக் கொன்றது. அதன்பின் இரண்டு ஆண்டுகளாக அவள் செய்துவந்த வேலை, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன். ஆனால் உலகத்தில் இருக்கும் கோள் விஞ்ஞானிகளுக்கெல்லாம் வாராவாரம் போகும் ஒரு மின்மடல் அவளுக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் மாநாடு, கட்டுரைச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி எது, யாருக்கு விருது, யார் காலமானார், எங்கே வேலை காலி. சூர்யா இருந்தவரை அதை எட்டிப் பார்த்து, "உங்க ஆளுங்களுக்கு நிலாவுலயே போஸ்டிங் போடலாமே, வாடகை மிச்சம்" என்பான். அவன் போனபின் அவள் அதைத் தனியாகப் படித்தாள். வேலைவாய்ப்புப் பகுதியை மட்டும் இரண்டு முறை.

மூன்று மாதத்துக்கு முன் வந்த மடலில் நான்கு வரி விளம்பரம். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகம். நிலாக் குழிகளை எண்ணத் தெரிந்தவர் தேவை, இரண்டு ஆண்டு ஆய்வுப் பணி, இடைவெளி விட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கடைசிச் சொற்களுக்காகவே அவள் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கு அவர்கள் குறித்த நேரம் வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை ஒன்பதரை. அதற்கு அடுத்த நாள் தசரதன் வீட்டில் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்: அதே வெள்ளிக்கிழமை, அதே நேரம்.

பத்து நாளாக அவள் இடம் தேடினாள். கிழக்குத் தாம்பரத்துத் தோழி வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. நூலகத்தில் பேச விடமாட்டார்கள். ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் மெஷின் ஓயாது. வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. கடைசியில் சுபத்ராவே மாடியேறி வந்து ஓர் அறையையும் அமைதியையும் காவலையும் கொடுத்துவிட்டுப் போனாள். வைஃபை பெட்டியும் அந்த அறையில்தான் இருந்தது. ஒரு விதவையை அவமானப்படுத்துவதில் இவ்வளவு வசதி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கேமராவில் முகம் மங்கலாகத் தெரிந்தது; ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. எடுக்கவில்லை. பின்னால் துணிக்கொடி தெரியாமல் வெள்ளைப் போர்வையைக் கட்டினாள். ஒன்பதரைக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. அதே நேரம் கீழே பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். அனகாபுத்தூரில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் கதிரேசன், அவர் மகள் தமிழினி. காபி வந்தது. குடும்பப் பெருமைகள் வந்தன. ஒன்பது ஐம்பதுக்குப் புரோகிதர் பஞ்சாங்கத்தைத் தட்டி, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் மோதிரமும் நிச்சயப் புடவையும் பெண் கைக்குப் போய்விட வேண்டும் என்றார். ராகு என்று வானத்தில் ஒரு கோளும் கிடையாது என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மாடியில் இருந்தாள்.

"மோதிரத்த எட்தாம்மா" என்றார் தசரதன் மனைவியிடம்.

"எங்க வச்சீங்க?"

"மேல் ரூம் பீரோல. சமையல்காரனுங்க போறதும் வர்றதுமா கீறானுங்களேன்னு ராத்திரியே தட்டோட மேல வச்சிட்டேன்."

சுபத்ராவின் கை தானாக இடுப்புக்குப் போனது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று எவளைப் பூட்டினாளோ, அவளோடு சேர்த்து நிச்சயத் தட்டையும் பூட்டியிருக்கிறாள். அண்ணனும் தங்கையும் சமையலறைக்குள் போய்க் குசுகுசுத்தார்கள். வேறு மோதிரம் வாங்கலாம் என்றால் நகைக்கடை பத்தரைக்குத்தான் திறக்கும். புடவையின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் தோஷம் போகும் என்றாள் சுபத்ரா. முதலில் புடவை கைக்கு வரட்டும் என்றார் தசரதன். பூட்டுச் சாவியும் பீரோச் சாவியும் தீனாவிடம் போயின.

மாடிப்படி ஹாலின் நடுவிலிருந்துதான் ஏறுகிறது. எனவே தீனா ஏறுவதைப் பெண் வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் பூட்டைத் திறந்தான். கதவு அசையவில்லை.

"அண்ணி, ஒரு நிமிஷம் தொறங்க. பீரோல மோதிரம் இருக்கு."

உள்ளிருந்து குரல் தாழ்வாக வந்தது. "இன்டர்வியூல இருக்கேன் தீனா. இருபது நிமிஷம்."

"இன்டர்வியூவா? இன்னாத்துக்கு?"

"வேலைக்கு."

தீனா பூட்டைச் சாவியோடு கொண்டியில் மாட்டினான். பிறகு இறங்கி வந்து, ஏதோ ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோல, இருபது நிமிடம் ஆகும் என்று சபைக்குச் சொன்னான். எதற்கு என்று கதிரேசன் கேட்டார். சாவி சரியாகப் பொருந்தவில்லை என்றார் தசரதன். கதிரேசன் இரண்டாவது காபியை வாங்கிக்கொண்டார்.

மேலே கேள்விகள் நன்றாகவே போயின. ஒரு பெரிய மோதலில் தெறித்த கற்கள் விழுந்தும் குழிகள் உண்டாகுமே, அவற்றை எப்படிப் பிரித்தெடுப்பாய் என்று கேட்டார்கள். அவற்றையும் சேர்த்து எண்ணினால் தரை இருப்பதைவிடக் கிழடாகத் தெரியும் என்று தொடங்கி ஐந்து நிமிடம் விடாமல் பேசினாள். தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று தலைக்குமேல் போனபோது மட்டும் நிறுத்தினாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. இந்த இரண்டு ஆண்டு இடைவெளி எதனால்? குழுவின் மூத்த பெண்மணிதான் கேட்டார். குடும்பப் பொறுப்புகள் என்று அழகாக ஒரு பதிலை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறந்த நேரத்தில் கதவு மறுபடி தட்டப்பட்டது. அங்கே என்ன சத்தம் என்று கேட்டார்கள். மனப்பாடம் பறந்துபோனது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டாள்: கணவர் இறந்துவிட்டார், கீழே கொழுந்தனுக்கு நிச்சயம், என் முகம் ஆகாது என்று உள்ளே வைத்துப் பூட்டினார்கள், மோதிரத்தையும் என்னோடு வைத்துப் பூட்டிவிட்டார்கள், இப்போது மோதிரம் வேண்டுமாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. எதிரில் மூவரும் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் திகைத்தார்கள்; பிறகு இருவர் சிரித்தார்கள். மூத்த பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. போய்க் கதவைப் பார்த்துவிட்டு வா, நாங்கள் காத்திருக்கிறோம் என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் சுபத்ரா.

"கோகிலா, தொறடி. நல்ல நேரம் போவுது."

"பத்தரை வரைக்கும் என் மூஞ்சி யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க. மணி இப்ப பத்து பத்துதான் ஆகுது."

சுபத்ரா மூடிய கதவை ஒருமுறை முறைத்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்து பதினெட்டுக்கு நேர்காணல் முடிந்தது. முடிந்தது என்றும் சொல்ல முடியாது. ஆய்வகத் தலைவர் பத்தே முக்காலுக்கு வருவார், எப்போது வந்து சேர முடியும் என்று அவர் பேசுவார் என்றார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலை கிடைக்காதவளிடம் கம்பளிச் சட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டார்கள்.

அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள். பீரோச் சாவியை தீனாவிடம் வாங்கி, தானே திறந்து, தட்டை இரு கையாலும் எடுத்தாள். அதைத் தன்னிடம் கொடுக்கும்படி சுபத்ரா கையை நீட்டினாள். கோகிலவாணி அவளைச் சுற்றிக்கொண்டு படி இறங்கினாள். மாம்பழச் சேலை, பொட்டு, கையில் புடவையும் மோதிரமும் குங்குமமும். முகத்தில் இன்னும் அடங்காத சிரிப்பு.

மூத்த மகன் இறந்தது பெண் வீட்டாருக்குத் தெரியும். வருவது யாரென்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தசரதன் சிமெண்டுபோல நின்றார். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தமிழினி எழுந்தாள். அவள் பூ வைத்த தலையைக் குனியவே இல்லை.

"நீங்கதான் நிலா அண்ணியா? தீனா சொல்லியிருக்காரு. இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

"மேல. பூட்டியிருந்தாங்க."

தசரதன் தொண்டையைச் செருமினார். யாரும் அவருக்கு உதவவில்லை. தமிழினி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அப்ப நம்ம அத்தையையும் வரச் சொல்லலாம்ல?"

கதிரேசன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய அக்கா ஜீவரத்தினம், தாயில்லாத தமிழினியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள், கணவனை இழந்தவள், தெருமுனையில் நின்ற வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் அவள் முகத்தில் விழிக்கக்கூடாதாம். தட்டு மாற்றியபின் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடலாம் என்று ஏற்பாடு.

இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரே பொருளை ஒரே நேரத்தில் ஒளித்துவைத்த இரண்டு பேர் அகப்பட்டுக்கொண்டால் எப்படி விழிப்பார்களோ அப்படி விழித்தார்கள். தாயாரம்மாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று எல்லோரும் திரும்பினார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டில் முதல்முறை.

"போய்க் கூட்டிகினு வாடா தீனா" என்றாள். "வெயில்ல வெந்துகினு கீறாங்க பாவம்."

தமிழினி கோகிலவாணியின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். சுபத்ரா ஓடிவந்து புரோகிதரிடம் இது செல்லுமா என்று கேட்டாள். புரோகிதருக்குப் பதினொன்றரைக்கு சேலையூரில் ஒரு கிரகப்பிரவேசம். அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து இருபத்தெட்டு. தட்டு நல்ல நேரத்துல கை மாறியாச்சு. மத்ததெல்லாம் மெதுவாப் பண்ணிக்கலாம்."

ஆக அந்தக் குடும்பத்தின் நல்ல நேரத்தைக் காப்பாற்றியது அந்தக் குடும்பத்தின் விதவை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தசரதன் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

தீனாவின் பின்னால் ஜீவரத்தினம் வந்தாள். வேர்த்து நனைந்த வெளிர்நீலச் சேலை, கையில் செருப்பு. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் தயங்கியவளைத் தாயாரம்மாள் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தாள். சுபத்ரா எழுந்து பின்வரிசைக்குப் போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

மணி பத்து நாற்பது. கோகிலவாணி மாமியாரின் காதில் விஷயத்தைச் சொன்னாள். ஜப்பான் என்ற சொல்லைத் தாயாரம்மாள் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். சுவரில் இருந்த மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மருமகளின் முதுகில் கைவைத்துப் படியேற்றி அறைவரை கூட்டிப்போனாள்.

"குளுரு ஊராம்மா அது?"

"ஆமா அத்தை."

"சரி. நீ உள்ள போய்ப் பேசு. எவ வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

கோகிலவாணி உள்ளே போனாள். கீழே புரோகிதர் ராகு காலத்தில் லக்ன பத்திரிகையைப் படிக்கத் தொடங்கியிருந்தார். தாயாரம்மாள் கதவைச் சாத்தினாள். மோட்டார் அறைப் பூட்டு கொண்டியில் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.