இறங்கச் சொன்னவர்

பம்பாய் செம்பூரின் தபேலாவில், அந்த எருமைக் கொட்டிலில், கருக்கலிலேயே வேலை தொடங்கிவிடும். எருமைச் சாணத்தோடு மாட்டுங்கா ஹோட்டலின் எச்சில் சோறும் கழுநீரும் சேர்த்து முழங்கால் புதைய மிதிப்பார்கள். அந்தக் கூழ் கிணறு போன்ற தொட்டிக்குள் புளித்தால், மேலே கவிழ்த்த இரும்பு டிரம்மில் காஸ் சேரும். முதலாளி பிரம்மநாயகத்தின் பால்கோவா அடுப்புகள் அதில்தான் எரிந்தன. மணம் அவருக்கு, நாற்றம் ஆளுக்கு.

தொட்டியில் மண்டி கட்டினால் கூழை இறைத்து, டிரம்மைத் தூக்கி, விஷக்காற்று போக ஒரு ராத்திரி காற்றாடவிட்டு, காலையில் மண்டியைக் கூடையில் அள்ள ஆளை இறக்க வேண்டும். இறங்குகிறவன் கேட்பான், மேஸ்திரி சொல்வார். அந்தச் சொல்லை நம்பித்தான் இறங்குவான்.

அன்று இறங்க வேண்டிய இசக்கி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அண்ணாச்சி, நேத்தே தொறந்தாச்சுல்லா?"

"ஆச்சுல, எறங்கு" என்றார் மேஸ்திரி வேதமுத்து.

திறந்தது உண்மை. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், நாறக்கூடாது என்று முதலாளி சொன்னதால் சாயங்காலமே வேதமுத்து தொட்டியை மூடியதும் உண்மை. விடியலில்தான் தனியாளாகக் கப்பிக் கயிற்றை இழுத்து டிரம்மை மறுபடி தூக்கியிருந்தார். இறக்குவதைத் தள்ளிப்போட்டு அடுப்பு எரியத் தாமதமானால் தன் வேலை போகும் என்ற பயம்.

இரண்டாவது கூடை மேலே வரவில்லை. இசக்கியைத்தான் இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு இருந்தது, நினைவு இல்லை.

மத்தியானம் முதலாளி தபேலாவுக்கு வந்து வேதமுத்துவிடம் உச்சுக்கொட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"குடிச்சிட்டு எறங்கினான்னு ஒரு கையெழுத்துப் போடும் வே. உம்ம வேலைக்கு நான் பொறுப்பு."

பம்பாயில் மதுவிலக்கு. அந்தக் கையெழுத்து விழுந்தால், இசக்கி பிழைத்தாலும் ஜெயில். அவன் மனைவி சொர்ணம்மாளுக்குத் முதலாளி கொடுத்திருக்கும் கோலி என்ற ஒற்றை அறையும் போய்விடும். அவள் எதிரேதான் நின்றாள். வேதமுத்துவுக்குத் தன் நாக்கையே அறுத்தெறியலாம் போலிருந்தது.

"அவன் குடிக்கல மொதலாளி. நாந்தான் பொய் சொல்லி எறக்கினேன். தொட்டிய மூடச் சொன்னது நீங்க. ஸ்டேசன்ல ரெண்டையும் சொல்லப் போறேன்."

"உள்ள போறது நீருதான் வே!"

"போறேன்."

சாணம் மிதித்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் மிதிகுழியை விட்டு வெளியே வந்தாள். "நேத்து நீங்க மூடச் சொன்னத நானும் கேட்டேன். நானும் வாறேன்." ஒவ்வொருவராய் மற்றவர்களும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அணைந்த அடுப்புகள் அணைந்தே கிடந்தன. முதலாளி கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

சொர்ணம்மாள் வேதமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கள என்னால மன்னிக்க முடியாது அண்ணாச்சி" என்றாள். "ஆனா தனியா போவாதீங்க. ஒத்தையாளுன்னா பேச்ச மாத்த வச்சிருவானுவ."

அவளே முதலில் நடந்தாள்.