ஒரே லாட்டுத் துணி

குடத்தோடு வந்துகொண்டிருந்த அருண்குமார் சந்துமுனை மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அப்பாவைக் குளிப்பாட்டுவதற்கான தண்ணீர். அவன் நின்றதும் தப்படித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவன் நெஞ்சுக்குள்தான் அடி நிற்கவில்லை. அதற்குத் தாளமும் தெரியவில்லை.

“துக்கம் நெஞ்ச அடைக்குது. பையனுக்கு ஒரு சோடா வாங்கியாங்கப்பா” என்றார் பெரியப்பா பெருமாள்சாமி.

பெருமாநல்லூரில் யாருக்கும் நெஞ்சுவலி வருவதில்லை, கேஸ்தான் வரும். அதற்குச் சோடா. கேட்காவிட்டால் இன்னொரு சோடா. அப்பா லிங்கசாமியும் போன வாரம் முறைப்படி சோடா குடித்துவிட்டுத்தான், துணியில் ஓட்டை பார்க்கும் தன் செக்கிங் யூனிட்டில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார்.

அதற்குச் சில நாள் முன்பு அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்ந்தாற்போல் காய்ச்சல். ஷிப்மெண்ட் சமயத்தில் காய்ச்சலுக்கெல்லாம் லீவு கிடையாது. ஆளுக்கொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஷிப்மெண்ட் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் அடைப்பு என்றுதான் நினைத்தார்கள். ஆஞ்சியோ செய்து பார்த்தால் ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. “எங்க குடும்பத்துல ஆருக்கும் அடைப்பு வராதுங்க” என்று பெரியப்பா பெருமைப்பட்டுக்கொண்டார். டாக்டர் சத்யப்பிரியா அவர் பெருமையில் கைவைக்காமல் எக்கோ படத்தைக் காட்டினார்.

“இதயத்தோட தசையே வீங்கியிருக்குங்க. வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னாடி சிலருக்கு இப்படி ஆகும். வலியும் ஈசிஜியும் அடைப்பு மாதிரியே ஏமாத்தும். இவருக்குத் தசை ரொம்பச் சோர்ந்துபோச்சு. பம்ப் பண்ண முடியல.”

அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். “பையனுக்கும் இதே காச்சலுங்க.”

“அதுக்காக அவருக்கும் இப்படி ஆகணும்னு இல்லீங்க ஐயா. ஆனா நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுவாங்கறதுன்னு ஏதாச்சும் இருந்தா உடனே கூட்டிட்டு வந்துருங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “ஒரே லாட்டுத் துணி அம்மிணி. ஒண்ணுல ஓட்டைன்னா மிச்சத்தையும் பிரிச்சுப் பாக்கோணும்.”

மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

இப்போது அம்மா சித்ரகலா ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து, கட்டியழுதவர்களை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மகன் கையிலிருந்த சோடாவைப் பிடுங்கிக் கீழே ஊற்றினாள்.

“எத்தன நாளா இந்த மூச்சு?”

“நேத்திருந்து. ஒண்ணுமில்லம்மா, கேஸ்…”

“கேஸுன்னு இன்னொருக்கா சொன்னீன்னா செருப்பாலயே அடிப்பேன். கார்ல ஏறு.”

பெரியப்பா குறுக்கே வந்தார். “ஏம்மிணி, கொள்ளி வெக்கற பையன எழவூட்டுல இருந்து அனுப்பறதா? ஊரு என்ன பேசும்?”

“பேசட்டுங்க மாமா. சாயப்பட்டறையில இருந்து துணி வரும் வரும்னு வாரக்கணக்குல காத்துக் கெடந்தவருங்க. இன்னைக்கு ஒரு பொழுது காத்துக்க மாட்டாருங்களா?”

“அப்பாவ இப்பிடி உட்டுட்டு எப்பிடிம்மா…”

“அவரு கடைசியாச் சொல்லீட்டுப் போன வேல இதுதான் சாமி. போ.”

பெரியப்பா குடத்தை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜி சரியில்லை. இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறியிருந்தது. எக்கோவில் பம்பிங் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்கு இருந்த அளவுக்கு இல்லை. டாக்டர் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அதே வீக்கந்தான். ஆனா சீக்கிரமாப் பிடிச்சுட்டோம். இங்கேயே மானிட்டர்ல இருக்கணும். அப்புறம் பல மாசத்துக்கு ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.”

“கொள்ளி வெச்சுட்டு ஓடியாந்தர்றனுங்க டாக்டர்.”

“அந்த ஓட்டமுந்தாங்க கூடாது” என்றவர், ஊசி போட்டதும் கேட்டார். “இந்த நேரத்துல உங்களை யாருங்க இங்க அனுப்புனது?”

“அப்பாங்க.”



ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விட்டவர் சாயங்காலம்வரை பொறுத்தார். அதற்குமேல் அப்பா பொறுத்தாலும் சொந்தபந்தம் பொறுக்காது. கடைசியில் தங்கை தேஜஸ்ரீதான் கொள்ளி வைத்தாள். பொம்பளைப் பிள்ளையா என்று மயானத்தில் யாரோ இழுத்ததற்கு, “லிங்கசாமி பொண்ணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரியப்பாவே அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாராம். போனில் சொல்லும்போது அவர் குரல் கரகரத்தது. கேஸ் என்றார்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புருஷன் போனவள் படி தாண்டக்கூடாது என்று அவளிடம் பலர் சொல்லியிருப்பார்கள். தலைக்கு ஊற்றிய ஈரம் காயவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகன் நெற்றியில் கை வைத்து எடுத்தாள்.

“சாப்ட்டியா?”

“இட்லி குடுத்தாங்க. நீ?”

தலைமாட்டில் மானிட்டரில் பச்சைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையின் பக்கம் நாற்காலியை நகர்த்தினாள். யூனிட்டில் விளக்கின் மேல் ஓடும் துணியில், அப்பாவுக்கு எதிரில் நின்று ஓட்டை பார்ப்பதுபோல, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.