ஃப்ரீசரில் பன்னிரண்டு பைகள்

என் மனைவி ஃபீபி ஃப்ரீசரிலிருந்த மீனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பன்னிரண்டு சேற்றுப் பைகளை அடுக்கினாள்.

"மீன இன்னைக்கே கொழம்பு வெச்சிடுங்க. பைய மட்டும் தொடாதீங்க."

"மூவாயிரம் வருஷமா கெடாத சேறு, நம்ம வீட்ல ரெண்டு நாள்ல கெட்டுடுமா?"

"கெட்டுடும். நம்ம வீடாச்சே."

பழவேற்காட்டுச் சதுப்புச் சேற்றில் செடிகள் புதைத்து வைத்த கார்பன் பூட்டிக் கிடக்கிறது. அலை கரையை அரித்தால் அது காற்றோடு போய்விடும். எவ்வளவு போகிறது என்று அளப்பது அவள் வேலை. அந்தப் பைகளைத் தந்த கரையைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. அந்தக் கரையில் மிச்சம் இருந்தது அந்தப் பன்னிரண்டு பைகள்தான்.

மறுநாள் அடுத்த கரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தபோது, அது அவளோடு சரிந்தது. 'விளிம்பு பலவீனம், யாரும் நிற்க வேண்டாம்' என்று காலையிலேயே நோட்டில் எழுதியிருந்தாள்.

அவளுடைய அதிகாரி நயீம் அகமது போனில் துக்கம் விசாரித்து, தயங்கித் தயங்கிப் பைகளைக் கேட்டார். "பத்திரமா இருக்கு சார்," என்றேன். அவளுக்காக இனி நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாதென்று பக்கத்து வீட்டு அஃப்ரோஸ் ஆம்பூர் பிரியாணியை அண்டாவோடு அனுப்பியிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நயீம் அகமது ஐஸ் பெட்டியோடு வந்தார். ஃப்ரீசரைத் திறந்தேன். பிரியாணி இருந்தது.

"சேறா?" என்றார் ஃபீபியின் அண்ணன் எலியாஸ். "மீந்த பிரியாணிக்கு எடம் இல்ல மாப்ள. அன்னைக்கே மொட்டமாடில காய வெச்சிட்டேன். வேர் கீர்லாம் பொறுக்கி, மைதா மாதிரி சலிச்சி, தங்கச்சி குழியில போட்டேன். அவ ஆசையா எடுத்தாந்த மண்ணாச்சே."

"அந்த வேர்?" என்றார் நயீம் அகமது. "கார்பன் அதுலதான் ஜாஸ்தி."

"கொளுத்திட்டேன் சார். கொசுத் தொல்ல."

வந்தவரை வெறும் பெட்டியோடு அனுப்பக்கூடாதென்று எலியாஸ் அதில் பிரியாணி வைத்துக் கொடுத்தார். நயீம் அகமது மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் அறிக்கை வந்தது. அட்டவணையில் பன்னிரண்டு வரிகளில் கார்பன் அளவுக்கு நேரே சிறு கோடுதான் இருக்கிறது. மண் எடுத்தவர் என்ற கட்டத்தில் பன்னிரண்டு முறையும் அ. ஃபீபி. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் மாற்றிக்கொள்ளாத, அவள் அப்பாவின் இனிஷியல்.