ஒற்றைக் கோப்பும் அக்காவின் பையும்

ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருளுக்கு ஒரே ஒரு கோப்பு போதும். மற்றதெல்லாம் தன்னம்பிக்கைக் குறைவு. கல்லூரி இறுதியாண்டு படிக்கும் தம்பி இதைச் சிரிக்காமல் சொல்லிவிட்டு, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அக்கா கால்நடை மருத்துவர். அன்று அவளுடைய சொந்த கிளினிக் திறக்கிறது. வரும் நாய் பூனைகளின் முன்பதிவையும் தடுப்பூசிக் கணக்கையும் கவனிக்க, தம்பி ஒரு விண்டோஸ் செயலி எழுதியிருந்தான். அக்காவோ எங்கே போனாலும் பாதி வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவள். பெரிய பைக்குள் சோப்பு, ஸ்பூன், ஊசி நூல், இரண்டு துண்டு.

"ஏன்க்கா, ஒரு குடம் தண்ணியும் தூக்கிக்கலாமா?"

"போற இடத்துல எல்லாம் இருக்கும்னு உனக்கு யாருடா சொன்னா?"

கிளினிக்கில் புதுக் கணினி. இணைய இணைப்பு இன்னும் வரவில்லை. தம்பி ஒற்றைக் கோப்பை ஏற்றி, கம்பீரமாகச் சொடுக்கினான். செயலி திறக்கவில்லை. டிஎல்எல் என்ற ஏதோ ஒரு துணைக் கோப்பைக் காணவில்லை என்று சின்னப் பெட்டி ஒன்று வந்து நின்றது. வெளியே முதல் நாய் குரைத்தது.

அவன் முகம் சுண்டிப்போனது. செயலி தன் காலில் நிற்பதில்லை. இப்படிப்பட்ட பல நூலகக் கோப்புகளின் தோளில் ஏறித்தான் ஓடுகிறது. அவை தன் லேப்டாப்பில் இருந்ததால் இங்கேயும் இருக்கும் என்று நினைத்துவிட்டான். முதல் நாளே, வந்தவர்கள் முன்னால் அக்காவின் மானம் போகப்போகிறது.

"லேப்டாப் வீட்ல இருக்குக்கா" என்றான் தரையைப் பார்த்து.

அக்கா பையைத் திறந்து, துண்டுகளுக்கு நடுவிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். சார்ஜரும் வந்தது.

"மேஜை மேல மறந்துட்டு வந்துட்ட."

"மறக்கல. வேணும்னுதான் வச்சிட்டு வந்தேன்."

"சரி, நானும் வேணும்னுதான் தூக்கிட்டு வந்தேன். வேலையப் பாரு."

செயலி முதலில் கேட்ட கோப்பை மட்டும் கொடுத்தான். அது தன் பங்காளியைக் கேட்டது. பங்காளி மச்சானைக் கேட்டான். கடைசியில் வீறாப்பை விட்டு, தேவையானவற்றைத் தேடித் திரட்டும் கருவியை ஓடவிட்டு, மொத்தக் குடும்பத்தையும் ஒரே ஃபோல்டரில் செயலிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தான். செயலி திறந்தது.

"அக்கா, நீ மட்டும் தூக்கிட்டு வரலேன்னா..."

"நன்றிய அப்புறம் சொல்லு. இப்ப அந்த நாயோட காலப் பிடி."

பிடித்தான். அவ்வளவு பணிவாக அவன் எதையும் பிடித்ததில்லை.

மறுவாரம் அக்காவின் தோழி தன் கிளினிக்குக்கும் அதே செயலியைக் கேட்டாள். தம்பி ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் ஏற்றினான். இன்னொரு பென்டிரைவிலும் ஏற்றினான். லேப்டாப், சார்ஜர் இரண்டும் அவன் பைக்குள் போயின. அக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு துண்டும் ஸ்பூனும்.